வளைகாப்புக்கு வரும் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெரிபேங்க் பக்கம் ஒரு கோயில் மகளிர் குழுவைச் சேர்ந்தவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மே 22 உலக ப்ரீஎக்ளாம்ப்சியா நாள், அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உடம்பின் உறுப்புகளைப் பாதிக்கும் நோய்க்கான விழிப்புணர்வு நாள். அதையொட்டி அவர்கள் குழுவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி போன வருடம் இந்த நோயால் ஐசியு வரை போய்த் திரும்பினாள். அதுவரை இப்படி ஒரு நோய் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. "அறிகுறிகளை அச்சடித்துக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னால் போதுமா? வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

நான் டர்பனில் பிரசவ வார்டுகளில் மிட்வைஃபாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் உப்பை விட்டுவிடுங்கள். உப்பைக் குறைத்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. படுத்தே கிடந்தால் வராது என்பதற்கும் இல்லை. வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளையும் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. உப்பைப் பற்றிப் பேசினால் ஒரு கெடுதலும் உண்டு. நோய் வந்த பெண்ணைப் பார்த்து, "ஊறுகாயைக் கண்டால் விடமாட்டாளே, அதான்" என்று சொல்ல நாமே ஊருக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிடுகிறோம். ஏற்கெனவே அவள் பாதி செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள். போதாக்குறைக்கு இது வேறா?

நோய் தொடங்கும் இடம் நஞ்சுக்கொடி. கரு ஒட்டி வளரும்போது, கருப்பைச் சுவரில் இருக்கும் சுருள் சுருளான சின்ன ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைக்குப் போதுமான ரத்தம் போகும். சிலருக்கு அவை சரியாக அகல்வதில்லை. இது நடப்பது கர்ப்பத்தின் முதல் பாதியில், வெளியே ஒன்றும் தெரியாத காலத்தில். ரத்தம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கின்றன. அதனால் பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது, கல்லீரல் பாதிக்கப்படுகிறது, மூளை வீங்குகிறது. முற்றினால் வலிப்பு வரும். வலிப்பு வந்துவிட்டால் அதற்கு எக்ளாம்ப்சியா என்று பெயர்.

அப்படிக் கலக்கும் பொருள்களில் ஒன்றை 2003-ல் பாஸ்டனில் ஒரு ஆய்வுக்குழு அடையாளம் காட்டியது. அந்தக் குழுவை நடத்தியவர் ஆனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் முக்கியமானதைச் சொல்லிவிடலாம்: கோபப்பட்டதாலோ, கவலைப்பட்டதாலோ, வேலைக்குப் போனதாலோ, எதைத் தின்றதாலோ இது வருவதில்லை. உலகத்தில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இது வருகிறது. ஆரோக்கியமாக, ஒல்லியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்த தலைச்சன் பிள்ளைக்காரிக்கும் வரும்.

அடுத்தது அறிகுறிப் பட்டியல். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நோயில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பலருக்கு ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் இருக்காது. பெண் சிரித்துக்கொண்டே வருவாள், கையில் கட்டிப் பார்த்தால் 150/100 இருக்கும். "எனக்கு ஒன்றும் இல்லை சிஸ்டர், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. தலைவலி, கண் மங்கல் எல்லாம் வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது 140/90 என்ற ஒரே ஒரு எண். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால், இரண்டில் எது தொட்டாலும், அதை விடக்கூடாது. மறுபடி அளக்க வேண்டும், யூரினில் புரதம் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். 160/110 என்றால் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் மூளையில் ரத்தக் கசிவு வரலாம்.

கிளினிக்குக்குப் போய்விட்டு வரும் பெண்ணிடம் நம் வீட்டில் என்ன கேட்கிறோம்? "ஸ்கேனில் பிள்ளை எப்படி இருக்கிறது? எடை ஏறியதா? எப்போது தேதி கொடுத்தார்கள்?" பிரஷர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நாம் பரப்ப வேண்டிய பழக்கம் இதுதான். "இன்றைக்கு பிரஷர் எவ்வளவு? யூரினில் என்ன வந்தது?" மாமியார் கேட்க வேண்டும், புருஷன் கேட்க வேண்டும், போனில் பேசும் அக்கா கேட்க வேண்டும். அரசு கிளினிக்கில் கொடுக்கும் கர்ப்பப் புத்தகத்தில் ஒவ்வொரு தடவையும் அளந்ததைக் குறித்திருப்பார்கள். அந்தப் புத்தகம் பெண்ணின் கையில்தான் இருக்கும். எடுத்துப் பார்த்தால் எண் எப்படி ஏறி வந்திருக்கிறது என்று யாருக்கும் புரியும். முதலில் 100/60 இருந்து இப்போது 135/85 ஆகியிருந்தால், 140 தொடவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாமல் அடுத்த வருகையைச் சீக்கிரம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) வைத்துத் தனியார் கைனியிடம் (மகப்பேறு மருத்துவரிடம்) போகிறவர்கள் பலருக்குத் தங்கள் எண்ணே தெரியாது. "டாக்டர் நார்மல் என்றார்" என்பார்கள். நார்மல் என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வீக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வளைகாப்பில் வளையல் ஏறவில்லை என்றால், "நீர் கோர்த்திருக்கிறது, பையன்தான்" என்று சிரித்துவிட்டு எண்ணெய் தடவி ஏற்றிவிடுவார்கள். கால் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருவதுதான், அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. நோயைத் தீர்மானிக்கும் விதிகளிலிருந்தே வீக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு மூன்று நாளில் திடீரென்று முகமும் விரலும் உப்பி, மோதிரம் கழற்ற வரவில்லை என்றால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். பார்லித் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை. குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் தப்பு.

முற்றும்போது வரும் அறிகுறிகள் ஐந்தாறுதான். அவை ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டு அலமாரியில் ஒரு மருந்து தயாராக இருப்பதுதான் சிக்கல். தலைவலி என்றால் பனடோ (பாராசிட்டமால் மாத்திரை). அது கேட்கவில்லை என்றால் கடையில் கிராண்ட்பா பவுடர் ஒன்று வாங்கித் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பழக்கம் இந்த ஊரில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. அதில் ஆஸ்பிரின் நிறையவே இருக்கிறது, காஃபீனும் இருக்கிறது. கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாதது அது. பனடோ போட்டும் போகாத தலைவலி, நெற்றியில் இடிப்பது போன்ற தலைவலி என்றால் கிளம்பிவிட வேண்டும். அடுத்தது மேல் வயிற்று வலி, வலது விலா எலும்புக்குக் கீழே அல்லது நெஞ்சுக் குழியில். இதை வாய்வு, நெஞ்செரிச்சல் என்று சொல்லி ஈனோ கரைத்துக் கொடுப்பார்கள். கல்லீரல் வீங்குவதால் வரும் வலியாக அது இருக்கலாம். ஹெல்ப் (HELLP) என்று மருத்துவர்கள் சொல்லும் கடுமையான வகை இப்படித்தான் பலருக்குத் தலைகாட்டும். அதில் பிரஷர் அவ்வளவாக ஏறாமலும் இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். அப்புறம் கண்ணில் பூச்சி பறப்பது, மினுக்கு மினுக்கு என்று வெளிச்சம் தெரிவது, மங்கலாவது. மூச்சு வாங்குவது. ஏழு எட்டு மாதத்தில் நிற்காத வாந்தி. பிள்ளை அசைவு குறைவது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இதையெல்லாம் கர்ப்பிணியை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிப் பயனில்லை என்பது என் எண்ணம். இரவு பதினொரு மணிக்குத் தலைவலி என்று எழுந்து உட்காரும் பெண் தானாக முடிவு செய்து கிளம்புவதில்லை. புருஷனை எழுப்புவாள், அவன் அம்மாவை எழுப்புவான், அம்மா ஆயாவை, அதாவது பாட்டியை, கேட்பார். "எனக்கு ஐந்து பிள்ளை பிறந்தது, இதெல்லாம் சகஜம்தான். விடியட்டும் பார்க்கலாம்" என்று ஆயா சொன்னால் அதோடு முடிந்தது. ஆயா கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான். அதே ஆயாவுக்கு விஷயம் தெரிந்தால் நிலைமை தலைகீழாக மாறும். "பிரஷர் என்றால் விளையாட்டு இல்லை, வண்டியை எடு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஆகவே உங்கள் ஒரு மணி நேரத்தை அறுபது வயதுக்காரர்களுக்காகத் திட்டமிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. சொந்த வண்டியோ பக்கத்து வீட்டு வண்டியோ இருந்தால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பெரியவர்களிடம் பேச இன்னொரு காரணமும் உண்டு. இதை இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் குடும்பங்களில் மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருக்கிறது. கண்ணேறு பட்டுவிடும், கரு தங்காது என்ற பயம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதே கணக்கில் கிளினிக்குக்கும் போகாமல் நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ப்ரீஎக்ளாம்ப்சியாவைத் தடுக்க நம்மிடம் உருப்படியாக இருக்கும் மருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின். அதைத் தொடங்க வேண்டியது 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள். 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறிந்த பெண்களுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஐந்தாம் மாதம் போய்க் கேட்டால் அந்தப் பலன் கிடைக்காது. நாள் தள்ளியது உறுதியானதும் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள், சொந்தக்காரர்களிடம் எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். கிராண்ட்பா பவுடரிலும் ஆஸ்பிரின் இருக்கிறதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அளவு வேறு, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுப்பதும் வேறு. தாமாகத் தொடங்கக் கூடாது.

யாருக்கு ஆபத்து அதிகம்? முந்தைய பிரசவத்தில் வந்தவர்கள், முன்பே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள். அடுத்த நிலையில் தலைச்சன் கர்ப்பம், 35 வயதுக்கு மேல், உடல் பருமன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தது, இரண்டு பிரசவத்துக்கு நடுவே பத்து வருடத்துக்கும் மேல் இடைவெளி. இதில் அம்மாவுக்கு வந்ததா என்ற கேள்விக்குப் பதில் பல பெண்களுக்குத் தெரியாது. "உன்னைப் பெற்றபோது எனக்குக் கஷ்டமாகிவிட்டது" என்று மட்டும் அம்மா சொல்லியிருப்பார். என்ன கஷ்டம் என்று இப்போதாவது கேட்கச் சொல்லுங்கள்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. முப்பது வயதிலேயே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எனாலப்ரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தெரியாமல் முழுகாமல் இருந்துவிட்டால், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காமல் உடனே போய்க் கேட்க வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்க மெத்தில்டோபா, நிஃபெடிபின், லேபெட்டலால் என்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. "பிள்ளைக்குக் கெடுதல்" என்று சொல்லி அவற்றைக் குப்பையில் போடச் சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் இடம் போடுங்கள்.

கால்சியம் பற்றிச் சுருக்கமாக: பால், தயிர் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கால்சியம் மாத்திரை இந்த நோயின் ஆபத்தைக் குறைக்கிறது. அப்படிப்பட்ட மக்களிடையே தினம் 1.5 முதல் 2 கிராம் வரை கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிளினிக்கில் கொடுத்தால் போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நோய் வந்துவிட்டால் தீர்வு பிரசவம்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். மாத்திரைகள் பிரஷரைக் கட்டுக்குள் வைத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் நாள் வாங்கிக் கொடுக்கும், நோயைப் போக்காது. 37 வாரம் ஆகியிருந்தால் காத்திருப்பதில் பலன் இல்லை. அதற்கு முன்பாக இருந்தால் தாயின் நிலையையும் பிள்ளையின் வளர்ச்சியையும் எடைபோட்டு முடிவு செய்வார்கள். 34 வாரத்துக்கு முன்பு எடுக்க வேண்டி வந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள். இந்த இடத்தில்தான் இரண்டு பழைய நம்பிக்கைகள் குறுக்கே வரும். "ஏழாம் மாதம் பிறந்தது தங்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது" என்பது ஒன்று. இது சுத்தமாகத் தப்பு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். இன்னொன்று ராகு காலம், எமகண்டம். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு நேரம் பார்க்கிறீர்களா, சரி, பாருங்கள். பிரஷர் 170 இருக்கும்போது டாக்டர் "இப்போதே" என்றால் பஞ்சாங்கத்தை மூடிவிட வேண்டும். உங்கள் கோயில் அர்ச்சகரோ குருக்களோ இந்த ஒரு வரியை மட்டும் கூட்டத்தில் எழுந்து சொன்னால், நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது எடுபடும். முன்கூட்டியே அவரிடம் பேசிப் பாருங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், துணி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பலன் ஏதும் இல்லை. அதைத் தேடும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். மாரியம்மன் கஞ்சிப் பூஜையிலும் காவடியிலும் சாமி வந்து ஆடுபவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவளுக்கோ கை கால் வெட்டி இழுத்தால், வேறு காரணம் என்று நிரூபிக்கும் வரை அது எக்ளாம்ப்சியா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள். வலிப்புக்கு மற்ற மருந்துகளைவிட இதுதான் சிறந்தது என்று 1995-ல் உறுதிசெய்த ஆய்வில் தென்னாப்பிரிக்காவும் பங்கேற்றது. பிறகு 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002-ல் வெளிவந்த ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அது வரும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டியது. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் சூடாகிறது, எரிகிறது என்று பெண்கள் சொல்வார்கள். அது எதிர்பார்க்கக் கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகும் இது வரலாம். இதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லுங்கள், ஏனென்றால் பலர் நம்ப மாட்டார்கள். பிரசவம் வரை பிரஷர் சரியாக இருந்த பெண்ணுக்கும் வரலாம். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் ஏறும் காலம். இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் சிக்கலில்லாத பிரசவம் என்றால் ஆறு மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக, ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாட்களில் அவள் இருப்பது அம்மா வீட்டில். அங்கே தலைவலி என்றால் "தலைக்கு ஊற்றியது ஆகவில்லை", "தூக்கம் போதவில்லை", "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். பத்திய மருந்து அரைத்துக் கொடுப்பார்கள். எல்லோர் கண்ணும் தொட்டிலில் இருக்கும், தாயைப் பார்க்க ஆள் இருக்காது. முதல் வாரத்துக்குள் கிளினிக்குக்குத் திரும்பப் போக வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது குழந்தைக்காக மட்டும் இல்லை. "நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது" என்பதைக் கிளினிக்குக்குப் பொருத்தக் கூடாது. ஆறு வாரம் வரை தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தால் கர்ப்பத்தில் வந்தால் போவதைப் போலவே போக வேண்டும். போனதும் "நான் பிள்ளை பெற்று இத்தனை நாள் ஆகிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவசரப் பிரிவில் சாதாரணத் தலைவலி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஒருமுறை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சுமார் இரண்டு மடங்கு. உங்கள் உறவுக்காரப் பெண்ணிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்: வருடம் ஒருமுறையாவது பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பம் என்றால் முதல் மாதத்திலேயே போக வேண்டும்.

இந்த நாட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் மண்டேலா அரசு வந்ததும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசமானது. 1997-லிருந்து பிரசவத்தை ஒட்டிய ஒவ்வொரு தாயின் மரணத்தையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு தேசியக் குழு அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை தருகிறது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் டர்பன் மருத்துவப் பேராசிரியர் ஜேக் மூட்லி. கர்ப்பகால பிரஷர் ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர். அந்த அறிக்கைகளில் சாவுக்கான முதல் மூன்று காரணங்களில் பிரஷர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அந்த மரணங்களில் கணிசமானவை தடுத்திருக்கக் கூடியவை என்றும் அவை சொல்கின்றன. ஆஸ்பத்திரியின் தாமதமும் உண்டு, வீட்டின் தாமதமும் உண்டு. இரண்டாவதைத்தான் உங்கள் குழு தொட முடியும். 2014-லிருந்து மாம்கனெக்ட் என்ற அரசின் இலவசச் செய்திச் சேவை இருக்கிறது. *134*550# அழுத்திப் பதிவு செய்யலாம். கர்ப்ப வாரத்துக்கு ஏற்பச் செய்தி வரும். தமிழில் வராது, ஆங்கிலத்தில் வரும். மருமகளுக்கு அது போதும். மாமியாருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம்? பேச்சை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு பிரஷர் மெஷினை வெளியே எடுங்கள். வந்திருக்கும் எல்லோருக்கும் பாருங்கள், ஆயாக்களுக்கு முதலில். கர்ப்பிணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அவளுக்குக் கூச்சம், மற்றவர்களுக்கு வேடிக்கை. எல்லோருக்கும் பார்த்தால் எல்லோரும் தங்கள் எண்ணைத் தெரிந்துகொள்வார்கள், அதில் ஒன்றிரண்டு பெரியவர்களின் கவனிக்காத பிரஷரும் அகப்படும். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். மேல் கையில் கட்டும் மெஷினே வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வேண்டும், சின்னது கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். கர்ப்பிணிகளுக்குச் சரியாகக் காட்டும் என்று சோதிக்கப்பட்ட மாடலா என்று வாங்கும்போது கேளுங்கள். ப்ரீஎக்ளாம்ப்சியாவில் சில தானியங்கி மெஷின்கள் குறைத்துக் காட்டிவிடும். அறிகுறி இருந்து மெஷின் நார்மல் என்றால், நம்ப வேண்டியது அறிகுறியை.

பேசுவதற்குப் பெரிய ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கின் மிட்வைஃப் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் ஜூலுப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. நம் பெண்கள் நள்ளிரவில் போய் நிற்கப்போவது அவர் முன்னால்தான், முகம் பழகியிருக்கட்டும். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கட்டும், தமிழில் மட்டும் கேட்கப் பிரியப்படும் பெரியவர்களுக்கு உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஆண்களையும் உள்ளே உட்கார வையுங்கள், பந்தி பரிமாற அனுப்பிவிடாதீர்கள். துண்டுப் பிரசுரம் வேண்டும் என்றால் ஒரு பக்கம் போதும்: 140/90, அறிகுறிகள், 10177, "பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை". குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தில் அடித்தால் இன்னும் நாள் நிற்கும்.

உங்கள் உறவுக்காரப் பெண்ணை மேடையில் பேசச் சொல்லும் எண்ணம் இருந்தால் முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள், மாமியார் மூலமாகக் கேட்காதீர்கள். அவள் மாட்டேன் என்றால் அவள் கதையை வேறு யாரும் சொல்லவும் வேண்டாம். கூட்டத்துக்குப் பிறகு அந்த மெஷின் யார் வீட்டில் இருக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்து, பிரசுரத்தின் பின்பக்கம் அந்தத் தெருவின் பெயரை எழுதிக் கொடுங்கள். மாற்று பேட்டரி ஒரு செட் கூடவே இருக்கட்டும்.